மச்சான் திறந்துவிட்ட குழாய்

1

இன்று காலை குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழும் வீடியோ வந்தது. என் மச்சான் வேலாயுதம் அனுப்பியிருந்தார். நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அதே அருவியை இன்னும் நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இந்தச் சார்ஜாவில் பிழைக்கிற எல்லாருக்கும் ஆனி மாதம் பிறந்தால் இப்படித்தான். ஊரில் ஒரு சொட்டுச் சாரல் விழுந்தால் போதும், இங்கே அத்தனை பேர் போனும் நனைந்துவிடும்.

அருவியைப் பார்த்ததும் எனக்குக் கை சும்மா இருக்காது. மண்ணைக் கிளறி விதை ஊன்றத் தோன்றும். வந்த புதிதில் அப்படித்தான் செய்தேன். அங்கே மலையில் மேகம் இறங்கிவிட்டது, தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்தால், இங்கேயும் மண் குளிர்ந்துவிட்டதாக என் கைக்கு ஒரு நினைப்பு. வெண்டை போட்டேன். அவரை போட்டேன். முளைக்கத்தான் செய்தது. முளைத்த கையோடு வறுத்த சீரகம் மாதிரி ஆகிவிட்டது. ஊரில் கோடை மூட்டை கட்டுகிற நாளில்தான் இங்கே கோடை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாவகாசமாக உட்காருகிறது. இது எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது. என்னைப் போல ஊர்க் காலண்டரைப் பார்த்து இங்கே விதைத்தவர்கள் நம் பக்கத்து ஆட்களில் நிறையப் பேர் உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை.

ஊரிலிருந்து வருகிற சின்னப் பத்திரிகை ஒன்றுக்கு, வெளிநாட்டில் கோடைக் காலத்தில் வீட்டுத் தோட்டம் போடுவது பற்றி நாலு குறிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். நான் தையல்காரன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். பேசச் சொன்னால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எழுதுவது பரவாயில்லை, எதிரே யாரும் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தால் இந்த வருஷத்துக் குறிப்பு எல்லாமே மச்சானைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அதனால் அவரையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

2

முதலில் தண்ணீர். இங்கே ஒவ்வொரு கட்டடத்துக்கும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். சித்திரை பாதியிலிருந்து அது தொட்டி இல்லை, அண்டா. அடுப்பு மட்டும் கீழே எரியாமல் மேலே எரிகிறது. குளியலறையில் நீலப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். எனவே வெந்நீர் போடுகிற ஹீட்டரைக் கோடை முழுவதும் அணைத்து வைத்துவிடுவோம். அது வீட்டுக்குள்ளே நிழலில் தொங்குவதால் அதற்குள் நிற்கிற தண்ணீர் ஆறிப்போகும். சிவப்புப் புள்ளிக் குழாயைத் திறந்தால் அந்த ஆறின தண்ணீர் வரும். ஆகவே கோடையில் இந்த ஊரில் சிவப்பில் வருவதுதான் பச்சைத் தண்ணீர்.

செடிக்கும் அதுதான். வாளியில் பிடித்து, ஹாலைத் தாண்டி, தரையில் சிந்தாமல் பால்கனிக்குக் கொண்டுபோக வேண்டும். விடியும் முன் ஒரு தரம், வெயில் தாழ்ந்து ஒரு தரம். நடுப்பகலில் இலை தலையைத் தொங்கப்போட்டால் பரிதாபப்பட்டு ஊற்றக் கூடாது. செடி சாகவில்லை, வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது. சாயந்தரம் தானாக எழுந்துவிடும்.

இரண்டாவது, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர். புழுக்கம் கூடிய நாட்களில் ஒரு ஏசி ஒரு வாளி தரும். குளிர்ந்த தண்ணீர், உப்பும் இல்லை. என் மகள் மீனா ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் எங்கள் ஏசிக் குழாய்களுக்குக் குற்றாலத்து அருவிகளின் பேர் வைத்திருக்கிறாள். ஹாலில் இருப்பது பேரருவி, படுக்கையறையில் இருப்பது சிற்றருவி. பக்கத்து வீட்டுக்காரர் ஏசி எங்கள் பால்கனி ஓரத்தில் சொட்டுகிறது, அது புலியருவி. லீவில் ஒரு முறை அவளை நிஜப் பேரருவிக்குக் கூட்டிப்போனபோது, இதை மூடுகிற வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வரிசையில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவளுக்கு அப்பா இல்லாதது மாதிரி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது, பெட்டி. பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் கொதித்து வேரை வேகவைத்துவிடும். மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு மீன் வருகிற தெர்மாகோல் பெட்டியைத் தூக்கித்தான் போடுகிறார்கள். மீனைக் குளிரவைக்கிற பெட்டி வேரையும் குளிரவைக்கும். ஆனால் எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, அதற்குப் பிறகு மண் போட வேண்டும். நான் முதல் தரம் அவசரப்பட்டேன். தண்டுக்கீரை நெத்திலி வாசத்தோடு வந்தது.

நாலாவது, நிழல். பழைய வேட்டி ஒன்றைக் கட்டினால் போதும் என்று கட்டினேன். கட்டடத்துக் காவல்காரர் மேலே வந்துவிட்டார். பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று இங்கே விதி. இது துணி இல்லை, செடிக்கு நிழல் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நிழலுக்கு எதற்குக் கரை என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தையல்காரன் அல்லவா, கரையைப் பிரித்து எடுத்துவிட்டேன். அதற்கு மேல் அது வேட்டி என்று நிரூபிக்க அவரால் முடியவில்லை.

ஐந்தாவது, எரு. ஆட்டுப் புழுக்கைதான் நல்லது. செடி விற்கிற கடையில் போய் அதைக் கேட்க எனக்கு இந்தியிலும் வார்த்தை இல்லை, அரபியிலும் இல்லை. ஆடு மாதிரிக் கத்தி, பின்பக்கத்தைக் காட்டினேன். வாழ்நாளில் நான் செய்த பெரிய துணிச்சல் அது. கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பக்கத்துத் தெருக் கறிக்கடையில் விட்டார்.

3

என் மனைவி கோமதியின் அண்ணன்தான் வேலாயுதம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிப் பக்கம், நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். சீசனில் அவரைப் பிடிக்க முடியாது. அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருகிறவர்களுக்கு எந்தச் செடியைப் பார்த்தாலும் வீட்டில் வைக்கத் தோன்றுமாம். ரோஜா, கொய்யா, ஒட்டு மா என்று காரின் பின்பக்கத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார். கத்திரி வெயிலில் ஒரு ஈ காக்கா வராது. அந்தச் சமயத்தில் தங்கச்சி வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இந்த வருஷம் கிளம்பிவிட்டார்.

அவருக்கு விசா எடுக்க நான் அலைந்தேன். அவர் பாஸ்போர்ட்டில் வேலாயுதம் என்று ஒரே பேர். ஒற்றைப் பேர்க்காரரை இந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள், பின்னால் இன்னொரு பேர் வேண்டும் என்றார்கள். இலஞ்சியிலிருந்து செங்கோட்டை வரை அந்த ஒரு பேரைச் சொன்னால் வழி காட்டுவார்கள், இங்கே அது பாதிப் பேராகிவிட்டது. அப்பா பேரைச் சேர்த்து வாங்க அவர் அங்கே அலைந்தார். எல்லாம் முடிந்து விசா வந்த அன்றுதான் கோமதி விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணன் சும்மா ஊர் பாக்க வரல. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குததுக்குள்ள என்னையும் மீனாவையும் கூட்டிட்டுப் போயிரணும்னு இருக்கு. மேல் வீட்ட வெள்ளையடிச்சுப் போட்டிருக்காம்."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. மொதல்ல வந்து பாருன்னேன்."

போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோடையில் இங்கே ஒரு பெண் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது லேசான காரியம் இல்லை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மீனாவோ தமிழில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் இந்திக்குப் போய், இங்கிலீஷில் இறங்குகிறாள். மறுபக்கம், இவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் நான் இந்த வீட்டை வைத்துக்கொள்ள முடியாது. கட்டில் மேல் கட்டில் போட்ட அறைக்குத் திரும்ப வேண்டும். கோமதி வருவதற்கு முன் பல வருஷம் நான் இருந்தது அப்படி ஓர் அறையில்தான். அங்கே கண் விழித்தால் தெரிவது மேல் கட்டிலில் படுத்திருப்பவரின் மெத்தைதான்.

அன்றைக்கே நான் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எழுந்து போய்ப் பீர்க்கங்கொடிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அந்தக் கொடி மாசியில் போட்டது. கீரை தவிர மற்றவை எல்லாம் பங்குனியோடு முடிந்துபோக, இது மட்டும் வேட்டி நிழலில் ஏறி, பால்கனிக் கம்பியைச் சுற்றி, சித்திரை வெயிலிலும் பூத்துக்கொண்டிருந்தது. இதை மச்சான் வந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். நாற்றுப் பண்ணைக்காரர். ஒரு கொடி நன்றாக நின்றால், அந்த இடத்தில் உயிர் பிழைக்கலாம் என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

4

மச்சான் வந்த அன்றே ஹீட்டர் சங்கதியில் அகப்பட்டுக்கொண்டார். நீலக் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே நின்றவர் சத்தம் கொடுத்தார். சிவப்பைத் திற என்று கோமதி வெளியே இருந்து சொன்னாள். தங்கச்சி கேலி செய்கிறாள் என்று நினைத்து மறுபடி நீலத்தையே திறந்திருக்கிறார். சிவந்துபோய் வெளியே வந்தார்.

"என்ன ஊரு வே இது மாப்ளே. வெந்நிக்கு நீலம், பச்சத்தண்ணிக்குச் செவப்பு. பகலுக்கு ராத்திரின்னு பேரு வைக்கலியா?"

பிறகு தோட்டத்தைப் பார்க்க வந்தார். கோமதி போனில் பேசும்போதெல்லாம் கொடியைக் காட்டுவாள். போனை இலைக்குள் நுழைத்துப் பிடித்துக் காட்டுவதால் பார்க்கிறவருக்கு எங்கும் பச்சையாகத் தெரியும். மச்சான் பண்ணைக்கு வருகிறவர்களிடம், பாலைவனத்தில் என் தங்கச்சி பந்தல் போட்டிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். பால்கனிக் கதவைத் திறந்தவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். நாலு மீன் பெட்டி, இரண்டு பெயிண்ட் வாளி, கரை இல்லாத வேட்டி.

"இதுவா வே தோட்டம்? எம் பண்ணையில சாக்கட ஓரத்துல தானா மொளச்சுக் கெடக்குத கீர இதவிடக் கூட இருக்கும். ஏட்டி கோமதி, போன்ல பந்தல் பந்தலா தெரிஞ்சுதே?"

"பக்கத்துல வச்சுக் காட்டுனேன். தூரத்துல வச்சு நீ என்னத்தப் பாக்கப் போற" என்றாள் கோமதி.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். மச்சானும் மாப்பிள்ளையும் என்றால் கேலி பேசத்தான் செய்வார்கள். ஆனால் இவர் பேசுவார், நான் சிரிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் அப்படித்தான் வேலைப் பிரிவினை.

மறுநாள் நான் குளியலறையிலிருந்து வாளியைச் சுமந்துகொண்டு ஹாலைத் தாண்டும்போது நடுவில் நிறுத்தினார். பால்கனியிலேயே வாஷிங் மெஷினுக்கு ஒரு குழாய் இருக்கிறதே, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் கிணற்றில் இறைத்தது மாதிரிச் சுமக்கிறீர் என்றார். அதில் மாடித் தொட்டித் தண்ணீர் நேராக வருகிறது என்று நான் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் அடுத்த கேலிக்குப் போய்விட்டார். என் வேகத்துக்கு யாரும் காத்திருப்பதில்லை.

மற்ற நேரத்தில் அவர் மீனாவைப் பிடித்து வைத்துக்கொண்டு மேல் வீட்டைப் பற்றிச் சொல்வார். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், சாரல் நேரே கட்டிலுக்கு வரும், நாவல் மரத்துக் கிளை கைக்கு எட்டும். மீனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, அங்க அடிக்கடி கரண்ட் போகுமா?" என்றாள்.

"போனா என்ன மருமவளே, காத்து வரும்லா."

"காத்துல டேப்லெட் சார்ஜ் ஆகாதே மாமா."

மச்சான் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் இப்படிப் பேசச் சொல்லிக்கொடுத்தது மாதிரி.

5

பீர்க்கு சாயந்தரம் பூக்கிற கொடி. இந்த உயரத்துக்கு வண்டு வருவதில்லை. அதனால் பூச்சி பார்க்கிற வேலையை நான் பார்க்க வேண்டும். ஆண் பூ கொத்துக் கொத்தாக நிறைய வரும். பெண் பூ எப்போதாவது ஒன்று வரும். பூவுக்குக் கீழே சுண்டுவிரல் அளவில் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும். மத்தியானம் அடைத்த கடையை மறுபடி திறக்கப் போவதற்கு முன் தினமும் எனக்கு இந்த வேலை இருக்கும்.

ஒரு நாள் தடவிக்கொண்டிருக்கும்போது மச்சான் பின்னால் வந்து நின்றிருக்கிறார். எனக்குத் தெரியாது.

"எந் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நிமுந்துகூடப் பாக்கல நீரு. இங்கன தெனமும் கல்யாணமா நடத்துதீரு?"

எனக்குக் காது வரை சுட்டது. கையிலிருந்த ஆண் பூ கீழே விழுந்து மூன்று மாடியும் இறங்கிப் போய்விட்டது. மச்சான் இன்னொன்றைப் பறித்து, தானே இதழைக் கிள்ளி என் கையில் கொடுத்தார். அவர் பண்ணையில் விதைக்கு விடுகிற கொடிகளுக்கு இப்படிச் செய்வது உண்டாம். ஆனால் இவ்வளவு சூட்டில் பொடி செத்துப்போயிருக்கும், பிடிக்காது என்றார்.

பிடித்தது. அந்தப் பிஞ்சு நின்றது. விரல் நீளமானது, பிறகு கரண்டி நீளமானது. வரி எழும்பிப் பச்சையாகத் தொங்கியது. தினமும் காலையில் மச்சான் காப்பித் தம்ளரோடு போய் அதை ஜாண் போட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு உள்ளே வந்து ஒன்றும் சொல்லமாட்டார். மேல் வீட்டுப் பேச்சும் குறைந்தது. கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோடையில் செடி வைப்பதில் என்ன சந்தோஷம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். குளிர் காலத்தில் ஐம்பது காய் காய்க்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. வெயிலில் ஒரு காய் காய்த்தால் வீடே அதைச் சுற்றி வருகிறது.

6

காய் முழு நீளத்துக்கு வந்துகொண்டிருந்தது. மச்சானுக்கு நம் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. முற்பகலில் நான் கடையில் இருந்தேன். மீனா பள்ளிக்கூடத்தில். கோமதி காய்கறி வாங்கக் கீழே போயிருந்தாள். பால்கனியில் எட்டிப் பார்த்தவருக்கு இலைகள் வெயிலில் தலை தொங்கி நிற்பது பொறுக்கவில்லை. கீழ்க் கடையில் ஒரு ரப்பர் குழாய் வாங்கி வந்து, என்னுடைய கோணி ஊசியால் அதில் வரிசையாகத் துளை போட்டு, நாலு பெட்டி மேலும் வளைத்து வைத்து, பால்கனிக் குழாயில் மாட்டித் திறந்துவிட்டார். அவர் பண்ணையில் இருப்பது மாதிரியே சொட்டுநீர். இனி மாப்பிள்ளை வாளி சுமக்க வேண்டாம்.

தண்ணீரைத் தொட்டுப் பார்க்காமல் இல்லை. தொட்டிருக்கிறார், சுட்டிருக்கிறது. ஆனால் ஊரில் வெயிலில் கிடக்கிற குழாயைத் திறந்தால் முதலில் வருவது சுடத்தான் செய்யும். அது ஓடித் தீர்ந்ததும் போர் தண்ணீர் குளிர்ந்து வரும். பண்ணையில் தினமும் பார்க்கிற காரியம். குளியலறையில் சுட்டது ஹீட்டர்க் கோளாறு என்றுதான் அவர் நினைப்பு. குளிர்ந்த தண்ணீர் வரட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே வந்து ஏசியில் சாய்ந்திருக்கிறார். கண் அசந்துவிட்டது. மேலே ஒரு தொட்டி நிறைய வெந்நீர் நின்றது. அது தீர்ந்து பின்னால் குளிர்ந்தது வருவதற்கு எதுவும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். கீரை மசிக்கிற வாசம் வந்தது. கோமதி அடுப்பில் கீரை வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பால்கனி வாசலில் கையில் காய்கறிப் பையோடு அப்படியே நின்றிருந்தாள்.

கொடி கம்பியிலிருந்து துவண்டு இறங்கியிருந்தது. தண்டுக்கீரை பெட்டியிலேயே வெந்திருந்தது. பசலை படுத்துவிட்டது. காய் மட்டும் விஷயம் தெரியாமல் பச்சையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன். கைப்பிடியே சுட்டது. மச்சான் எழுந்து வந்தார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தவர் உடனே எடுத்துக்கொண்டார். சாயந்தரம் எழுந்துவிடும் என்றார். அவருக்கே தெரியும், எழாது என்று. அன்று முழுவதும் அவர் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

7

மறுநாள் கடை விடுமுறை. கொடி எழவில்லை. இனி வளராது என்பதால் கோமதி காயைப் பறித்துப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தாள். மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்தோம். கூட்டைப் பரிமாறும்போது, "வேக வைக்கவே வேண்டாம்ணே, பாதி வேலைய நீயே பாத்துட்ட" என்றாள். மச்சான் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, சொல்ல வந்ததைச் சொன்னார்.

"ஏட்டி கோமதி, நான் சுத்தி வளச்சுப் பேசல. செடி கொடியே நிக்க மாட்டேங்குத ஊரு இது. நீயும் பிள்ளையும் எதுக்கு இங்கன கெடந்து வேகணும்? எங்கூட வந்திருங்க."

கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது வெயில்ல சாகலண்ணே. நீ ஊத்துன தண்ணியிலதான் செத்துது. அதுவரைக்கும் நல்லாத்தான காச்சுக்கிட்டு நின்னுச்சு."

மச்சான் கை தட்டிலேயே நின்றது. "குளுந்த தண்ணி வரும்னு நெனச்சேன்" என்றார், மெதுவாக.

"தெரியும்ணே. அதையும் நல்லதுக்குத்தான் செஞ்ச. இதையும் நல்லதுக்குத்தான் சொல்லுத."

அவ்வளவோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அண்ணனாவது இம்புட்டுத் தூரம் வந்து வாயத் தொறந்து கேட்டுது. நீங்க ஒரு வார்த்த சொல்லல. நான் போணுமா இருக்கணுமா? நீங்க பாட்டுக்கு வாளியத் தூக்கிட்டுப் போறிய, வாறிய."

மீனா காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். மச்சானும் என்னையே பார்த்தார். இத்தனை பேர் முகத்தை ஒரே நேரத்தில் என்னால் பார்க்க முடியாது. தட்டில் இருந்த கூட்டைப் பார்த்துக்கொண்டு, "இரு" என்றேன்.

அது இருமினது மாதிரித்தான் வந்தது. யாருக்காவது கேட்டதா என்று எனக்கே சந்தேகம். நிமிர்ந்து இன்னொரு தரம் சொன்னேன். "இரு கோமதி. ரெண்டு பேரும் போவாண்டாம்."

கோமதி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, குழம்பு காரம் என்றாள். மச்சான் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய கேலி மெதுவாகத் திரும்பி வந்தது.

"ஏட்டி, இந்த ஒத்தச் சொல்ல இவருகிட்ட வாங்கத்தான் என்னைய வந்து பாருன்னு வரவழச்சியா?"

கோமதி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவர் கூட்டும் கேட்டார். இருந்தது ஒரே ஒரு காய், அது தீர்ந்துவிட்டது என்றாள்.

ஏற்கெனவே பேசிவிட்டவன்தானே என்று நான் இன்னொன்றும் சொன்னேன். "மார்கழியில வாங்க மச்சான். அப்ப காய் நெறையக் கெடக்கும்."

மச்சான் தட்டை வழித்துக்கொண்டே தலையாட்டினார்.

"வாறேன் வே. தண்ணிய மட்டும் நீரே ஊத்திக்கிடும்."